திருமலை இயக்கியும் குந்தவைப் பிராட்டியாரும்

கல்வராயன் மலைச்சாரலிலும் கள்ளக்குறிச்சியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், அந்தி சாய்ந்தபின் புளியமரத்தடிக்குத் தனியே போகாதே என்று சிறுமியரைத் தடுக்கும் வழக்கம் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. மரத்தில் மோகினி இருக்கிறாள் என்பர். கிணற்றில் விழுந்து இறந்தவள் உலவுகிறாள் என்பர். நெடுங்காலம் ஆசிரியப் பணி ஆற்றிய நாம் இத்தகைய கதைகளைப் பிள்ளைகளின் வாயிலாகப் பலமுறை கேட்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றைக் கவனித்தோம். கதையில் வரும் அச்சத்திற்குரிய உருவம் பெரும்பாலும் பெண்ணே. அவள் பேயாவதற்கு முன்னர் அவளுக்கு எவரோ தீங்கு இழைத்திருப்பார். இழைத்தவன் கதையின் நடுவிலேயே மறக்கப்படுவான். தீங்குற்றவளோ காலமெல்லாம் மரத்தில் தங்கிவிடுவாள்.

நம் சமணப் பெரியோர் இவ்வுருவத்தை வேறு கண்கொண்டு நோக்கினர். இருபத்து நான்கு தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஓர் இயக்கனும் ஓர் இயக்கியும் காவல் தெய்வங்களாக வகுக்கப்பட்டனர். நேமிநாதருக்கு அம்பிகை என்னும் தருமதேவி, பார்சுவநாதருக்குப் பத்மாவதி, சந்திரப்பிரபருக்கு ஜ்வாலாமாலினி என்பவை நம் இல்லங்களில் நாளும் வழங்கும் பெயர்கள். மதுரைப் புறஞ்சேரியில் இயக்கிக்குப் பால்சோறு படைத்துத் திரும்பும் வழியிலேதான் ஆயர் முதுமகள் மாதரி கவுந்தியடிகளைக் காண்கிறாள் என்கிறது சிலப்பதிகாரம். தென்மாவட்டங்களில் வழங்கும் இசக்கி என்ற பெயரும் இயக்கி என்பதன் திரிபே என்பர் அறிஞர். பழையனூர் நீலியை நாட்டார் கதை பழிவாங்கும் பெண்பேயாகக் காட்டிற்று. நீலிக்கண்ணீர் என்ற வழக்கு இன்றும் நம் நாவில் உள்ளது. நீலகேசிக் காப்பியமோ அந்த நீலியையே முனிவரிடம் அறங்கேட்கச் செய்து, கொல்லாமையை ஏற்கச் செய்து, பல சமயவாதிகளோடு தருக்கம் நிகழ்த்தும் அறிவுடையாளாக உயர்த்திற்று. 1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அந்நூலைப் பழைய உரையுடன் பதிப்பித்திராவிடில், நீலியின் இந்த இரண்டாம் பிறவியை நம்மிற் பலர் அறிந்திருக்கமாட்டோம்.

சோழ அரசகுமாரி ஒருவரின் வாழ்க்கையை எழுத எடுத்துக்கொண்டு இயக்கியரிடம் தொடங்குவானேன் என்று வாசகர் வினவலாம். போளூருக்கு அண்மையில் உள்ள திருமலையில் குந்தவை ஜிநாலயம் என்று பெயர் பெற்ற கோயில் உண்டு. அதே மலையின் பாறைப்புடைப்பில் தருமதேவி நிற்கிறாள். ஒருவர் வரலாற்று மாந்தர். மற்றவர் புராண உருவம். ஆயினும் இருவர் கதையும் ஒரே வினாவைச் சுற்றிச் சுழல்கிறது. அது, ஒரு பெண் தன் கையால் தன் விருப்பப்படி கொடுக்கலாமா என்பது.

முதலில் எந்தக் குந்தவை என்பதைத் தெளிவுபடுத்துவோம். சோழர் குடும்பத்தில் இப்பெயர் பூண்டோர் பலர். அரிஞ்சயனின் தேவியருள் ஒருவர் குந்தவை. முதலாம் இராசராசனின் மகளாகப் பிறந்து வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவரும் குந்தவை. நாம் இங்கே கூறப்போவது சுந்தரசோழர் எனப்படும் இரண்டாம் பராந்தகரின் மகளும், இராசராசனின் தமக்கையுமான குந்தவைப் பிராட்டியாரைப் பற்றியே. 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வன் புதினம் இவரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2022, 2023 ஆண்டுகளில் வெளியான திரைப்படங்கள் இளையோரிடமும் சேர்த்தன. புதினத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் சூழ்ச்சியறிந்த அழகிய இளவரசியாகவே அவரை நினைத்துப் பழகிவிட்டோம். கல்வெட்டுகள் காட்டும் குந்தவையார் கணக்கறிந்தவர், நிலமறிந்தவர், கொடுத்தது கெடாமல் நிலைக்கும் வழியறிந்தவர். நமக்கு அவரே கூடுதலாகப் பிடிக்கிறது.

அவர் அன்னையாரின் பிறந்தகம் நம் பகுதியே. சுந்தரசோழரின் தேவி வானவன்மாதேவி, திருக்கோவலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மலையமான் குடியில் தோன்றியவர். தென்பெண்ணைக் கரையில், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரில், கீழையூர் வீரட்டானேசுவரர் கோயில் உள்ளது. அங்கே இராசராசனின் 27ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டுப் பாடல் ஒன்று உண்டு. அது 1012ஆம் ஆண்டளவினது. பாரி மகளை மலையனிடம் ஒப்படைத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியை அறிஞர் எடுத்துக்காட்டுவதும் அப்பாடலிலிருந்தே. வானவன்மாதேவி கணவர் இறந்தபோது பால்குடி மறவாத குழந்தையையும் விட்டுப் பிரிந்து அவருடன் எரியில் புகுந்தார் என்னும் செய்தியையும் அதுவே கூறுகிறது. பாடிய புலவர் அன்னையை மானாகவும் அவர் ஈன்ற இராசராசனைப் புலியாகவும் உருவகம் செய்கிறார். மகனின் வெற்றிகளைப் பாட வந்த இடத்தில் தாயின் தீப்புகுதலும் புகழுக்குரிய செய்தியாக நிற்கிறது.

புலவர் அதைப் புகழாகவே பாடினார். நாம் அதைப் படிக்குந்தோறும் அந்தப் பால்குடிக் குழந்தையையே நினைக்கிறோம். சுந்தரசோழர் காஞ்சியில் பொன்மாளிகையில் உயிர்நீத்தமையால் பொன்மாளிகைத் துஞ்சின தேவர் எனப்பட்டார். அது ஏறத்தாழ 973ஆம் ஆண்டு. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மூத்த மகன் இரண்டாம் ஆதித்தன் கொலையுண்டிருந்தான். தமையனை வஞ்சத்துக்கும், தாயை நெருப்புக்கும் இழந்து, தந்தையையும் இழந்த குடும்பம் அது. அக்குடும்பத்தில் எஞ்சியோருள் ஒருவராக நின்றார் குந்தவையார். ஆதித்தனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்ட செய்தி, இராசராசன் பட்டமேறிய பின், அவனது 2ஆம் ஆட்சியாண்டில்தான் உடையார்குடிக் கல்வெட்டில் இடம்பெறுகிறது. நெடுங்காலம் ஆறாதிருந்த புண் அது.

தாயின் வழியன்றி வேறொரு வழியும் அக்குடும்பத்துப் பெண்டிர்க்கு இருந்தது. சுந்தரசோழரின் பெரிய தந்தை கண்டராதித்தர். அவருடைய தேவி செம்பியன் மாதேவியார் இளமையிலேயே கணவரை இழந்தவர், தீப்புகாது வாழ்ந்தவர். ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியமைக்கும் பணியில் தம்மை ஈடுபடுத்திக்கொண்டார். நமக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்துத் திருமுதுகுன்றக் கோயிலும் அவரது திருப்பணி பெற்றதே. குந்தவையார் வளர்ந்த காலத்தில் அம்மூதாட்டியார் கண்ணெதிரே வாழ்ந்துகொண்டிருந்தார். ஒரே அரண்மனையில், ஒரே தலைமுறைக் கால இடைவெளியில், கணவரை இழந்த அரசியர் இருவர் இரண்டு வழிகளிற் சென்றனர். குந்தவையார் இவ்விருவருள் எவரைத் தம் மனத்தில் முன்னிறுத்தினார் என்று எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. அவர் செய்த செயல்களோ செம்பியன் மாதேவியார் பக்கமே சாய்கின்றன.

குந்தவையாரின் கணவர் வல்லவரையர் வந்தியதேவர். புதினத்தின் வாயிலாகப் பெரும்புகழ் பெற்ற இப்பெயரை வரலாற்றில் நாம் அறிவதே பெரிதும் பிராட்டியாரின் கொடைச் செய்திகளால்தான். தஞ்சைக் கல்வெட்டுகள் அவரை ஆழ்வார் பராந்தகன் குந்தவையார் என்றும், வல்லவரையர் வந்தியதேவரின் மாதேவியார் என்றும் குறிக்கின்றன. தந்தையின் பெயரும் தம் பெயரும் கணவர் பெயரும் மூன்றும் உண்டு. மனைவியின் பெயருக்கு நிழலாகக் கணவர் பெயர் வரலாற்றில் நிலைத்த அருமையான நிகழ்ச்சி இது.

985ஆம் ஆண்டில் தம்பி அருண்மொழி, இராசராசன் என்னும் பெயரோடு அரியணை ஏறினான். தமக்கை அவனுக்கு ஆலோசனை கூறினார், அரசியலை இயக்கினார் என்றெல்லாம் எழுதுவோர் உளர். அதற்குக் கல்லில் சான்று இல்லை. அதனினும் அரிய சான்று ஒன்று உண்டு. 1010ஆம் ஆண்டில் தஞ்சைப் பெருங்கோயிலின் விமானத்தில் பொற்கலசம் ஏறிற்று. அடுத்த ஆட்சியாண்டில், அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளையெல்லாம் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். கொடையாளரை அவன் வரிசைப்படுத்திய முறை நோக்கத்தக்கது. முதலில் அரசனாகிய தான், அடுத்துத் தன் தமக்கை, அதன்பின் தன் தேவியர், பின்னர்ப் பிறர். அரசியர்க்கும் படைத்தலைவர்க்கும் முன்னே தமக்கையின் பெயர். பேரரசன் ஒருவன் தன் வாழ்நாளின் பெரும்பணியில், தனக்கு அடுத்த இடத்தை ஒரு பெண்ணுக்கு வெளிப்படையாக அளித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழக வரலாற்றில் அரிது.

அவர் அளித்தவை என்னென்ன? இறைவியின் செப்புத் திருமேனிகள், பொற்கலங்கள், முத்தும் மணியும் கோத்த அணிகள் எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றின் நிறையும் கழஞ்சு, மஞ்சாடி எனச் சிறு பின்னம் வரை எழுதப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுக்க ஆடவல்லான் என்னும் பெயர் பெற்ற நிறைகல்லும் இருந்தது. பொன்மாளிகையில் துஞ்சிய தந்தையின் படிமத்தையும் அவர் அக்கோயிலில் எழுந்தருளுவித்தார். தாயின் படிமமும் அவராலேயே வைக்கப்பட்டதாகக் கருதுவர் வரலாற்றறிஞர். நெருப்பில் மறைந்த அன்னையை மகள் செம்பில் மீட்டார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

படிமத்தை வைத்ததோடு அவர் நிற்கவில்லை. நாள்வழிபாடும் விழாவும் தொடர்ந்து நடைபெறப் பணத்தை ஊர்ச்சபைகளிடம் முதலாக வைத்தார். சபையார் ஆண்டுதோறும் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டவேண்டும். அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. கீழ்வாயிலக்கம் படிக்காத இக்காலப் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சற்று நேரமாகும். முதல் குறையாமல் வட்டியால் அறம் நடக்கவேண்டும் என்னும் திட்டம் அது. கொடுப்பது எளிது, கொடுத்தது தமக்குப் பின்னும் நடக்குமாறு கொடுப்பதே அறிவு.

இனி நம் சமயத்தோடு அவர்க்கிருந்த தொடர்புக்கு வருவோம். திண்டிவனத்தை அடுத்த தாதாபுரம் அந்நாளில் இராசராசபுரம் எனப்பட்டது. அங்கே குந்தவையார் மூன்று கோயில்களை எடுப்பித்தார். சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரம். திருமாலுக்குக் குந்தவை விண்ணகர். அருகனுக்குக் குந்தவை ஜிநாலயம். இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டாகிய 1006ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு, இம்மூன்றுக்கும் அவர் வழங்கிய பொன், வெள்ளிக் கலங்களையும் அணிகளையும் கூறுகிறது. சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும் இன்றும் நிற்கின்றன. ஜிநாலயம் நிற்கவில்லை. அதன் பெயர் மட்டும் கல்வெட்டில் வாழ்கிறது.

நம்மவருள் சிலர், குந்தவையார் சமணத்தைத் தழுவியவர் என்று மேடைகளில் பேசுவதுண்டு. அன்பின் மிகுதியால் கூறுவதேயாயினும் அது பொருந்தாது. தஞ்சையில் உமாபரமேசுவரியின் திருமேனியை எழுந்தருளுவித்தவரைச் சமணர் என்று எவ்வாறு சொல்வது? அவர் நம்மவர் அல்லர் என்பதில்தான் அவர் பெருமை மிகுகிறது. தம் சமயத்தாருக்குக் கொடுப்பது கடமை. பிறர் சமயத்தாருக்கும் அதே ஊரில், அதே கல்லில், தம் பெயராலேயே கோயில் எடுத்தது தாமாகத் தேர்ந்துகொண்ட செயல். சைவ சமண வாதங்களின் நினைவு மறையாதிருந்த நாட்டில் அது எளிய காரியம் அன்று.

திருமலைக் கோயிலும் அவர் எடுப்பித்ததாகவே கொள்ளப்படுகிறது. வைகாவூர்த் திருமலை எனப்படும் அம்மலைக்கு இயக்கி வழிபாடு புதிதன்று. அங்குள்ள கல்வெட்டொன்று, சேரர் குலத்து எழினி என்பவன் அம்மலையில் இயக்கன், இயக்கி படிமங்களை எழுந்தருளுவித்தான் என்றும், அவை சிதைந்தபோது அவன் வழியில் வந்த தகடூர்த் தலைவன் விடுகாதழகிய பெருமாள் அவற்றைப் புதுப்பித்து, எறிமணி ஒன்று வழங்கி, ஏரிக்குக் கால்வாயும் வெட்டுவித்தான் என்றும் கூறுகிறது. எழினியும் அதியமான் மரபின் பெயரே. அம்மரபின் அஞ்சி, துறவியர்க்குப் பாளி அமைத்துக் கொடுத்ததைக் கூறும் தமிழிக் கல்வெட்டு, 1981இல் நம் திருக்கோவிலூருக்கு அண்மையிலுள்ள ஜம்பையில் கண்டறியப்பட்டதை வாசகர் அறிவர். திருமலையில் இன்று நாம் அண்ணாந்து வணங்கும் 16 அடி உயர நேமிநாதர் படிமம் குந்தவையார்க்குப் பிற்காலத்தது என்பர். 1006ஆம் ஆண்டிலேயே அம்மலையடியில் குணவீர முனிவர், கணிசேகர மருபொற்சூரியன் பெயரால் ஏரிக்குக் கலிங்கு அமைத்தார். தாதாபுரத்தில் பிராட்டியார் மூன்று கோயில்களுக்கும் கொடை வழங்கிய அதே ஆண்டு அது.

அம்மலையில் இருக்கும் தருமதேவியின் கதையை இங்கே சொல்லவேண்டும். சிறுவயதில் பாட்டியர் வாயிலாகக் கேட்டதோடு பலர் நின்றுவிடுகிறோம். கிரிநகரில் சோமசர்மன் என்னும் அந்தணனின் மனைவி அக்னிலை. அவளுக்குச் சுபங்கரன், பிரபங்கரன் என்று இரு மைந்தர். ஒருநாள் மூதாதையர்க்குரிய சடங்கு. அழைக்கப்பட்டோர் வந்து உண்பதற்குமுன் வரதத்தர் என்னும் சமண முனிவர் வாயிலில் வந்தார். அக்னிலை மகிழ்ந்து உணவளித்தாள். செய்தி பரவிற்று. உணவு தீட்டுப்பட்டது என்று வந்தோர் உண்ணாமல் எழுந்தனர். கணவன் சினந்து அவளையும் மைந்தரையும் வீட்டைவிட்டு விரட்டினான். ஒரு மகனை இடுப்பிலும் ஒரு மகனைக் கையிலுமாகக் கொண்டு அவள் ஊர்ஜயந்த மலைக்குச் சென்றாள். பசித்த மைந்தர்க்காகப் பருவமல்லாப் பருவத்தில் மாமரம் பழுத்தது. ஊரில் தீப்பற்றி எரிந்தபோது அவள் வீடு மட்டும் எரியாது நின்றது. கணவன் மனம் மாறி அவளை அழைத்துவர மலையேறினான். அவனைத் தொலைவில் கண்டவள் மீண்டும் துன்புறுத்தவே வருகிறான் என்று அஞ்சி மலையிலிருந்து குதித்து உயிர்நீத்து, நேமிநாதரின் இயக்கியாகப் பிறந்தாள். பின்னர் இறந்த கணவன் அவளுக்கு ஊர்தியாகச் சிங்கம் ஆனான். வகுப்பில் இவ்விடத்துக்கு வரும்போது மாணவியர் சிரிப்பர், மாணவர் சிரிக்கமாட்டார்.

திருமலையிலும் கழுகுமலையிலும் சிதறாலிலும் இவ்வம்மையைக் காணலாம். சிங்கமும், மைந்தரும், மாங்கொத்தும் இவளை இன்னாரென அறியச் சிற்பிகள் கொண்ட அடையாளங்கள். பெண்ணின் ஆற்றல் என்றவுடன் ஆயுதமேந்திய பல கரங்களை நினைப்பது வழக்கம். அக்னிலையின் கதையில் போர் இல்லை, அசுரன் இல்லை, நடந்தது சமையற்கட்டில் எழுந்த ஒரு வழக்கு. தான் சமைத்த உணவைத் தான் மதித்த ஒருவருக்குக் கேளாமல் கொடுத்தாள் என்பதே அவள் மீது சுமத்தப்பட்ட குற்றம். தெய்வமான பின்பு கிடைத்த ஆற்றலைவிட, முனிவர் வாயிலில் நின்றபோது எவர் அனுமதிக்கும் காத்திராமல் அகப்பையை எடுத்தாளே, அந்த ஆற்றலே நமக்குப் பெரிதாகப் படுகிறது. புளியமரத்து மோகினியாகியிருக்க வேண்டிய கதைதான் இது. துரத்தப்பட்டவள், அஞ்சி உயிர்விட்டவள் என்று எல்லாம் அப்படியே இருக்கின்றன. சமணக் கதையாசிரியர் அவளை மரத்தில் கட்டாமல் தீர்த்தங்கரரின் அருகில் நிறுத்தினார்.

அவள் மலையிலிருந்து குதித்ததை நாம் போற்றவேண்டுவதில்லை. அதைப் போற்ற நம் நூல்கள் இடங்கொடுக்கவும் இல்லை. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் உலக மூடங்களைக் கூறும் இடத்தில், மலையிலிருந்து வீழ்வதையும் நெருப்பில் புகுவதையும் ஒருசேர அறியாமை என்று ஒதுக்குகிறது. அதன் வழிவந்த அருங்கலச்செப்பை நம் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்துள்ளனர். அக்னிலை வீழ்ந்தது அச்சத்தால். அதை எவரும் விரதம் ஆக்கவில்லை. அவளை உயர்த்தியது தானமே. வானவன்மாதேவியின் தீப்புகுதலோ கல்லில் பொறித்துப் புகழப்பட்டது. திருக்கோவலூர்க் கல்லையும் திருமலைப் பாறையையும் அடுத்தடுத்து நினைக்கும்போது, அன்னையின் மரணத்தை ஊர் கொண்டாடிய விதம் மகளின் நெஞ்சில் எவ்வாறு தைத்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

குந்தவையார் காலத்துக்கு முன்னரே நம் சமயத்தில் பெண்கள் கொடுப்போராக மட்டுமன்றிக் கற்பிப்போராகவும் விளங்கினர். வந்தவாசிக்கு அண்மையிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று கனகவீரக் குரத்தியார் என்னும் ஆசிரியையையும் அவருடைய 500 மாணாக்கியரையும் குறிக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஐந்நூறு பெண்கள் ஓர் ஆசிரியையிடம் பயின்றனர் என்பதை ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் நமக்கு எவரும் சொல்லித்தரவில்லை. விளாப்பாக்கத்தில் முதலாம் பராந்தகன் காலத்தில் பட்டினிக் குரத்தியடிகள் கிணறு தோண்டுவித்தார். கழுகுமலையில் படிமம் செய்வித்த குரத்தியர் பலர். இத்தகைய நாட்டில்தான் குந்தவை ஜிநாலயம் எழுந்தது. திடீரென வானத்திலிருந்து விழுந்ததன்று.

இவ்விடத்தில் ஒன்று கூறத் தோன்றுகிறது. நம் ஆலயங்களில் அண்மைக்காலத்தில் பதித்த நன்கொடைப் பலகைகளை நோக்குங்கள். பெண்கள் கொடுத்த தொகையும் கணவர் பெயராலேயே பல இடங்களில் எழுதப்படுகிறது. சிலவற்றில் குடும்பத்தினர் என்ற ஒரு சொல்லுக்குள் மனைவியும் மகளும் மருமகளும் அடங்கிவிடுகின்றனர். வளையலைக் கழற்றிக் கொடுத்தவளின் பெயர் பலகையில் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்தச்சன் எழுதத் தயங்காததை இன்றைய பலகை எழுதுவோர் ஏன் தயங்குகின்றனர் என்று ஆலய நிருவாகிகள் அடுத்த கூட்டத்தில் எண்ணிப்பார்க்கலாம்.

1014ஆம் ஆண்டளவில் இராசராசன் மறைந்தான். தம்பியின் மகன் முதலாம் இராசேந்திரன் ஆண்ட காலத்திலும் குந்தவையார் வாழ்ந்தார். பழையாறை அரண்மனையில் இருந்தவாறு அறங்கள் செய்தார். அவற்றுள் நம் மனத்தைக் கவர்வது தஞ்சையில் தந்தையின் பெயரால் விளங்கிய சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு அவர் அளித்த நிலக்கொடை. ஆதுலர்சாலை என்பது நோயாளிகளுக்குரிய மருத்துவமனை. அங்கே மருத்துவம் செய்த சவர்ணன் அரையன் மதுராந்தகன் என்பவருக்கு மருத்துவக் காணியாக நிலம் அளிக்கப்பட்டது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களை நம் சிராவகர்கள் அறிவர். தந்தையை இழந்த மகள், தந்தையின் பெயரால் பிறர் நோய் தீர்க்க நிலம் கொடுத்தார். அந்நிலத்தின் விளைவு மருத்துவர் குடும்பத்தைக் காத்தது. மருத்துவர் நோயாளியைக் காத்தார். ஊர்ச்சபையிடம் வட்டிக்கு வைத்த காசைப் போன்றே இதுவும் நின்று நடக்குமாறு அமைந்த ஏற்பாடு.

பிராட்டியார் மறைந்த ஆண்டு எந்தக் கல்லிலும் இல்லை. அவர் பெயர் கொண்ட திருமலைக் கோயிலுக்கோ கொடைகள் தொடர்ந்து வந்தன. இராசேந்திரன் காலத்தில் பெரும்பாணப்பாடிக் கரைவழி மல்லியூரில் வாழ்ந்த வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை என்பவர் குந்தவை ஜிநாலயத்துக்கு ஒரு கொடை அளித்தார். அதைப் பொறித்த கல்வெட்டு, வழக்கம்போல் அரசனின் மெய்க்கீர்த்தியுடன் தொடங்குகிறது. கங்கை வரை சென்ற படையும், வென்ற நாடுகளும், கைப்பற்றிய செல்வமும் வரிவரியாக அடுக்கப்படுகின்றன. அப்படையெடுப்பை ஆராயும் அறிஞர்களுக்கு அது மிகச் சிறந்த ஆவணம். உலகெங்கும் அதற்காகவே அதைப் படிக்கின்றனர். நீண்ட அந்த வெற்றிப் பட்டியலெல்லாம் முடிந்தபின், கடைசி வரிகளில், கல் எதற்காக வெட்டப்பட்டதோ அச்செய்தி வருகிறது. சாமுண்டப்பை வைத்த நந்தாவிளக்கு ஒன்றுக்குக் காசு 20. இறைவனின் திருவமுதுக்குக் காசு 10.